நியூக்ளியர் கார்டியாலஜியைக் காசு செலவில்லாமல் இணையத்தில் படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: "பி.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி கடைசி ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் வருவது பெரும்பாலும் பெட்-சிடி, எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன். இதய ஸ்கேன் எப்போதாவது ஒன்று. வேலைக்குப் போகிற இடத்தில் அதைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. டாலரில் பணம் கட்டிப் படிக்க வசதியில்லை. இலவசமாக எதை, எந்த வரிசையில் படிக்கலாம்? சான்றிதழ் கிடைக்குமா?"

நியூக்ளியர் கார்டியாலஜி என்பது சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி இதயத்தைப் படமெடுக்கும் துறை. படிப்பு என்ற அளவில், வேண்டிய அனைத்தையும் இலவசமாகவே படித்துவிடலாம். இந்தத் துறையின் மிக நல்ல ஆவணங்கள் பலவற்றை சர்வதேச அணுசக்தி முகமையும் தொழில்சார் சங்கங்களும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே நுழைந்தவுடன் எதை முதலில் எடுப்பது என்று திகைப்பு வரும். பெரும்பாலான மாணவர்கள் வண்ண வண்ணமான இதயத் துண்டுப் படங்களிலும் போலார் மேப்பிலும் (இதயத்தின் இடது கீழறைத் தசையை ஒரே வட்டமாக விரித்துக் காட்டும் படம்) தொடங்கி, அதைப் பிரிக்கும் 17 பகுதிகளை மனப்பாடம் செய்து, அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

நீங்கள் தலைகீழாகத் தொடங்குங்கள் என்பேன். அந்த வண்ணப் படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது மருத்துவரின் வேலை. அது உருவாவதற்கு முன் நடக்கும் எல்லாம் டெக்னாலஜிஸ்ட்டின் கையில் இருக்கிறது: நோயாளி காபி குடித்தாரா, கதிரியக்க மருந்து முழுவதும் ரத்தக் குழாய்க்குள் போனதா, படம் எடுக்கும்போது அசைந்தாரா, கேமராவின் சுழற்சி மையம் சரியாக இருந்ததா. இதில் ஒன்று தவறினால், எவ்வளவு அனுபவமுள்ள மருத்துவராலும் பின்னால் சரிசெய்ய முடியாது. இல்லாத அடைப்பு இருப்பதுபோல் தெரிந்து, ஒருவர் தேவையில்லாமல் ஆஞ்சியோகிராம் மேசைக்குப் போக நேரிடலாம். இருக்கும் அடைப்பு தெரியாமலும் போகலாம். அதனால்தான் படத்துக்கு முந்தைய வேலையை முதலில் படிக்கச் சொல்கிறேன். இலவசப் பாடங்களும் இந்தப் பகுதியில்தான் மிக வலுவாக இருக்கின்றன.

தொடங்க வேண்டிய இடம் சர்வதேச அணுசக்தி முகமையின் ஹியூமன் ஹெல்த் கேம்பஸ் என்ற இணையதளம். நியூக்ளியர் மெடிசின் மருத்துவர், டெக்னாலஜிஸ்ட், மருத்துவ இயற்பியலாளர், கதிரியக்க மருந்தாளர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. முகமையின் இணையவழிப் பாடங்களில் சேர நியூக்ளியஸ் என்ற கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பயிற்சி வசதி குறைந்த நாடுகளின் டெக்னாலஜிஸ்ட்டுகளுக்காகவே முகமை ஒரு தொலைதூரப் பயிற்சித் திட்டத்தையும் நீண்ட காலமாக நடத்திவந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட பாடங்கள் என்பதால் மொழியும் எளிமையாகவே இருக்கும்.

அதே முகமையின் வெளியீடுகளில் மூன்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட் முறையில், அதாவது காமா கேமராவைச் சுற்றவைத்துத் துண்டுப் படங்களாக எடுக்கும் முறையில், இதயத் தசை ரத்த ஓட்டப் படம் எடுப்பதை ஒரு துறையில் எப்படி நிறுவி நடத்துவது என்று சொல்லும் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி முதலாவது; ஹியூமன் ஹெல்த் வரிசையில் 23-ஆம் எண். இரண்டாவது, 2003-இல் வந்த காமா கேமரா தரக்கட்டுப்பாட்டு அட்லஸ். மூன்றாவது, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமான நியூக்ளியர் மெடிசின் இயற்பியல் கையேடு, 2014. இவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது அந்த அட்லஸ். பழுதான கேமரா எப்படியெல்லாம் படம் தரும் என்று பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறது. நல்ல மருத்துவமனையில் வேலை செய்தால் அத்தனை விதமான பழுதுகளையும் கண்ணால் பார்க்க வாய்ப்பே வராது. இயற்பியல் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்க முயலாதீர்கள், களைத்துப்போவீர்கள். காமா கேமரா, ஸ்பெக்ட் மீளுருவாக்கம், கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆகிய அத்தியாயங்கள் இப்போதைக்குப் போதும்.

அடுத்தது அமெரிக்க நியூக்ளியர் கார்டியாலஜி சங்கத்தின் வழிகாட்டு நெறிகள். ஸ்ட்ரெஸ் முறைகளும் (நடக்கவைத்தோ மருந்து கொடுத்தோ இதய ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது) ட்ரேசர்களும் (படத்துக்காகச் செலுத்தும் கதிரியக்க மருந்துகள்) பற்றியது 2016-இல் வந்தது; ஸ்பெக்ட் கருவி, படமெடுப்பு, செயலாக்கம் பற்றியது 2018-இல் வந்தது. இரண்டையும் இலவசமாகப் படிக்கலாம். ஐரோப்பிய நியூக்ளியர் மெடிசின் சங்கமும் டெக்னாலஜிஸ்ட்டுகளுக்கென்றே சிறு கையேடுகள் வெளியிடுகிறது. அதில் இதய ரத்த ஓட்டப் படத்துக்குத் தனி ஏடு இருக்கிறது. அமெரிக்க நெறி கொஞ்சம் கனமாகத் தெரிந்தால் ஐரோப்பியக் கையேட்டை முதலில் படித்துவிட்டு அதற்கு வாருங்கள்.

இன்னொரு இடம் உண்டு, மாணவர்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் டெய்லிமெட் என்ற தளம். மிபி (செஸ்டாமிபி), டெட்ரோஃபாஸ்மின் என்ற ட்ரேசர்கள், அடினோசின், ரெகாடெனோசான் என்ற இதய நாளங்களை விரிக்கும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் மருந்துப் பெட்டிக்குள் வரும் தகவல் தாள் முழுமையாக அங்கே கிடைக்கும். மிபி குப்பியைக் கொதிநீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும், டெட்ரோஃபாஸ்மினை அறை வெப்பத்தில் 15 நிமிடம் விட்டாலே போதும், மிபியின் கதிர்வேதித் தூய்மையை (கதிரியக்கத்தில் எவ்வளவு மருந்தோடு சரியாகச் சேர்ந்திருக்கிறது என்பதை) அலுமினா தகட்டிலும் எத்தனாலிலும் எப்படிச் சோதிப்பது, 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏன் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் மூலத்திலேயே படிக்கலாம். உங்கள் துறையில் பயன்படும் கிட் (ட்ரேசர் தயாரிக்கும் குப்பி) வேறு நிறுவனத்துடையது என்றால் அதன் தாளையும் கேட்டு வாங்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். கடைசியில் நீங்கள் பின்பற்ற வேண்டியது கையிலிருக்கும் குப்பியின் தாளைத்தான்.

சரி, இவற்றை வைத்துக்கொண்டு என்ன படிப்பது?

முதலில் ஸ்ட்ரெஸ். நோயாளியை ட்ரெட்மில்லில் நடக்கவைத்தால், 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் இதயத் துடிப்பில் 85 சதவீதமாவது எட்ட வேண்டும். உச்சத்தை நெருங்கும்போது ட்ரேசரைச் செலுத்தி, அதன் பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் நடக்கவைக்க வேண்டும். ஊசி போட்டவுடன் இயந்திரத்தை நிறுத்திவிட்டால், ட்ரேசர் இதயத்தில் படிந்து முடிவதற்குள் ரத்த ஓட்டம் இறங்கிவிடும். நடக்க முடியாதவருக்கு மருந்து வழி. அடினோசின் கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம். 6 நிமிட முறையில் 3-ஆவது நிமிடத்தில் ட்ரேசர். ரெகாடெனோசான் என்றால் எடை பார்க்காமல் 0.4 மில்லிகிராம் ஒரே தள்ளாக, சுமார் 10 வினாடியில். அடினோசினின் அரை ஆயுள் 10 வினாடிக்கும் குறைவு; அதனால்தான் பம்பை நிறுத்தியதும் நெஞ்சுப் பாரமும் முகச் சிவப்பும் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. எண்களோடு காரணங்களையும் சேர்த்துப் படியுங்கள். காரணம் தெரிந்தவருக்கு எண் மறக்காது.

காஃபின் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அடினோசின் ஒட்ட வேண்டிய ஏற்பிகளைக் காஃபின் அடைத்துவிடும், நாளங்கள் விரியாது, அடைப்பு இருந்தாலும் படம் சாதாரணமாக வரக்கூடும். குறைந்தது 12 மணி நேரம் தவிர்க்க வேண்டும் என்பது நெறி. பல இடங்களில் 24 மணி நேரம் கேட்கிறார்கள், அது நல்லது. வெளிநாட்டு வீடியோக்களில் காபி, டீ, சாக்லேட், கோலா என்று பட்டியல் வரும். நம் ஊரில் அதோடு நிற்கக் கூடாது. தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபின் இருக்கிறது. மூச்சிரைப்புக்குப் பலர் வருடக்கணக்கில் போட்டுக்கொள்ளும் டெரிஃபிலின் மாத்திரையில் தியோஃபிலின் இருக்கிறது, அதுவும் அதே வேலையைச் செய்யும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆஸ்துமா இருக்கக்கூடும் என்பதும் சேர்ந்து வருகிறது. ஆஸ்துமா இருந்தால் அடினோசின் ஆபத்து. ஆக, "காபி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது மருத்துவர்தான். கண்டுபிடித்துச் சொல்வது நீங்கள்.

ஈசிஜியில் இடது கிளை அடைப்பு, அதாவது எல்பிபிபி, இருந்தாலோ பேஸ்மேக்கர் ஓடினாலோ நடக்கவைப்பதற்குப் பதில் அடினோசின் வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். நடக்கவைத்தால் நடுச்சுவரில் பொய்யான குறை, அதாவது ரத்த ஓட்டம் குறைந்ததுபோன்ற தோற்றம், வரும். ஈசிஜி படிக்க அடிப்படை தெரியாமல் இந்தத் துறைக்குள் வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கும் இலவசப் பாடங்கள் ஏராளம்.

அப்புறம் ஹாட் லேப், அதாவது கதிரியக்க மருந்து தயாரிக்கும் அறையின் கணக்கு. இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். மிபியிலும் டெட்ரோஃபாஸ்மினிலும் சேரும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 11 மணிக்கு 30 மில்லிகியூரி (கதிரியக்க அளவின் அலகு) கொடுக்க வேண்டும் என்றால் 8 மணிக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? 3 மணி நேரம் என்பது அரை ஆயுளில் பாதி. எனவே 30-ஐ 1.414-ஆல் பெருக்கினால் சுமார் 42.4. இனி இதையே வேறு கேள்வியாக மாற்றுங்கள். காலை 8 மணிக்கு ஓய்வு நிலைப் படத்துக்காக 10 மில்லிகியூரி கொடுத்தீர்கள். 11 மணிக்கு ஸ்ட்ரெஸ் ஊசி. சிதைவால் மட்டும் குறைந்ததைக் கணக்கிட்டால் இன்னும் 7 மில்லிகியூரிக்கு மேல் உடலில் இருக்கிறது. அதன் கதிர் ஸ்ட்ரெஸ் படத்துக்குள் கசிந்து உண்மையான குறையை மறைக்காமலிருக்கத்தான் ஒரே நாள் முறையில் இரண்டாவது அளவு முதலாவதைப்போல் மூன்று மடங்கு என்று வைத்திருக்கிறார்கள். முதல் ஊசிக்கு 8 முதல் 12 மில்லிகியூரி வரை, இரண்டாவதற்கு 24 முதல் 36 வரை என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரியும். ஐரோப்பிய ஆவணங்கள் மெகாபெக்கெரலில் பேசும். ஒரு மில்லிகியூரி 37 மெகாபெக்கெரல். மாற்றிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

இனி, நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் பகுதி: மூலப் படங்கள். வழக்கமான கேமரா வலது முன்சாய்வு 45 டிகிரியில் தொடங்கி இடது பின்சாய்வு 45 டிகிரி வரை 180 டிகிரி சுற்றி, 60 அல்லது 64 கோணங்களில் எடுக்கும். அந்தப் படங்களைத் தொடர்ச்சியாக ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சினி. நோயாளியை மேசையிலிருந்து இறக்குவதற்கு முன் இதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அசைந்தால் சைனோகிராமில் (எல்லாக் கோணங்களிலிருந்தும் ஒரே வரிசையை எடுத்து அடுக்கிக் காட்டும் படம்) கோடு உடைந்து தெரியும். மேலும் கீழுமாக அசைந்ததை சைனோகிராம் சரியாகக் காட்டாது. அதற்கு சினியில் இதயத்தின் அடியில் ஒரு கிடைக்கோட்டை வைத்து, இதயம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 64-க்கு 64 கட்டங்கள் கொண்ட படத்தில் ஒரு பிக்சல் சுமார் 6 மில்லிமீட்டர். இரண்டு பிக்சல் நகர்ந்தாலே பொய்க் குறை வரலாம்.

நோயாளி அசையாமலேயே இதயம் நகர்வதும் உண்டு. நடந்து முடித்து மூச்சு வாங்கும்போது நுரையீரல் விரிந்து உதரவிதானம் கீழே இருக்கும். மூச்சு அடங்க அடங்க இதயம் மெல்ல மேலே ஏறும். அதனால் நடந்தவரை உடனே கேமராவுக்குக் கீழே படுக்கவைக்காமல் 15 நிமிடமாவது உட்காரவைக்க வேண்டும். மருந்து ஸ்ட்ரெஸ் என்றால் காத்திருக்கும் நேரம் இன்னும் கூடும், 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், காரணம் கல்லீரல். மிபி கல்லீரல் வழியாகப் பித்தத்துக்கும் குடலுக்கும் போகிறது. இதயத்தின் கீழ்ச்சுவரை ஒட்டி குடலில் ஒரு பிரகாசமான புள்ளி நின்றால் அந்தச் சுவரைப் பற்றி யாரும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. அப்போது செய்ய வேண்டியது எளிது: காத்திருந்து மறுபடி எடுப்பது. வெளியே எத்தனை பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

பெண்களில் மார்பகம் முன்சுவரை மங்கலாக்கும். ஆண்களில் உதரவிதானம் கீழ்ச்சுவரை மங்கலாக்கும். கவிழ்ந்து படுக்கவைத்து மறுபடி எடுத்தால் கீழ்ச்சுவர் பல நேரம் தெளிவாகிவிடும். சிடி வைத்துத் திருத்தும் கருவி இருந்தால் சிடியும் ஸ்பெக்ட்டும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. பொருந்தாத திருத்தமே பக்கச்சுவரில் புதிதாக ஒரு குறையை உண்டாக்கும். இவை எல்லாவற்றுக்கும் எடுத்துக்காட்டுப் படங்கள் மேலே சொன்ன ஆவணங்களிலும், அமெரிக்க நியூக்ளியர் மெடிசின் சங்கம் டெக்னாலஜிஸ்ட்டுகளுக்காக நடத்தும் ஆய்விதழின் பழைய கட்டுரைகளிலும் கிடைக்கும். அந்த இதழின் பழைய கட்டுரைகளை இலவசமாகப் படிக்கலாம். தேடும்போது ஆர்ட்டிஃபேக்ட் என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். கீழே உள்ள விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தில் என்ன கோளாறு, நான் மேசைப் பக்கம் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுதிவிட்டு விளக்கத்தைத் திறங்கள். வீடியோக்களை ஓடவிட்டுக் கேட்பதைவிட இதில் பல மடங்கு பயன் உண்டு.

தரக்கட்டுப்பாடு உங்கள் துறையிலேயே தினமும் நடக்கிறது, அதை வீணாக்காதீர்கள். எலும்பு ஸ்கேனுக்கும் இதய ஸ்கேனுக்கும் அதே கேமராதான். தினசரி ஃப்ளட் (கேமரா முழுவதும் சீராகப் பதிகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கேமரா சுற்றும் அச்சும் படத்தின் மையமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் சுழற்சி மையச் சோதனை நடக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மையம் விலகியிருந்தால் ஒரு புள்ளி புள்ளியாக வராமல் வளையமாகச் சிதறும். 180 டிகிரி சுற்றில் கவைபோல நீளும். எலும்பு ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழை இதயத்தின் சிறிய உருவத்தில் பெரிதாகத் தெரியும்.

செயலாக்கம், அதாவது மூலப் படங்களைக் கணினியில் துண்டுப் படங்களாக்குவது பற்றி இரண்டே செய்தி. ஓய்வு, ஸ்ட்ரெஸ் இரண்டிலும் அச்சுக்கோடும் வால்வுத் தளமும் ஒரே மாதிரி குறிக்கப்பட வேண்டும். மென்பொருள் தானாகப் போட்டதை அப்படியே ஏற்காமல் பாருங்கள். நோயாளியின் பாலினம் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஒப்பீட்டுத் தரவு அதைப் பொறுத்தது. 17 பகுதிகளும் ஒவ்வொன்றின் ரத்த ஓட்டக் குறைவுக்கும் 0 முதல் 4 வரையிலான மதிப்பெண்ணும் இந்தக் கட்டத்தில் படித்தால் தானாக மனதில் உட்காரும்.

கதிர்வீச்சு அளவைப் பற்றி ஒரு ஆய்வைக் கட்டாயம் படிக்கச் சொல்வேன். சர்வதேச அணுசக்தி முகமை 2013-இல் 65 நாடுகளின் 308 ஆய்வகங்களில் 7,911 நோயாளிகளின் இதய ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தது. இன்கேப்ஸ் என்று பெயர். 2015-இல் ஐரோப்பிய இதய ஆய்விதழில் வெளியானது. அதில் வைத்த எட்டு நல்ல நடைமுறைகளே ஒரு பாடத்திட்டம் மாதிரி இருக்கும். 70 வயதுக்கு உட்பட்டவருக்குத் தாலியம் என்ற ட்ரேசரில் ஸ்ட்ரெஸ் வேண்டாம், இரண்டு ஐசோடோப்பு கலந்த முறை வேண்டாம், எடைக்கேற்ப அளவு கொடு, ஸ்ட்ரெஸ் படம் சாதாரணமாக இருந்தால் ஓய்வுப் படம் தேவையில்லை என்று போகிறது. காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்: தாலியம்-201 மூன்றரை மில்லிகியூரி கொடுத்தால் சுமார் 18 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு), மிபி 10-உம் 30-உம் சேர்த்துக் கொடுத்தாலும் சுமார் 12. ஸ்ட்ரெஸ் படத்தோடு நிறுத்த முடிந்தால் இன்னும் குறையும். உங்கள் துறையின் நெறிமுறைத் தாளை எடுத்து இந்த எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நேர்காணலில் பேச நல்ல விஷயம் கிடைக்கும்.

இவை கைக்கு வந்தபின் அமிலாய்டு (இதயத் தசையில் படியும் ஒருவகைப் புரதம்) ஸ்கேனுக்குப் போகலாம். டெக்னீசியம் பைரோஃபாஸ்ஃபேட் கொடுத்து, இதயத்தில் படிந்ததை விலா எலும்போடு ஒப்பிட்டு 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். எலும்பு ஸ்கேனுக்கான எம்டிபியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, பல நோயாளிகளில் பிடிக்காது. ஸ்பெக்ட் எடுக்காமல் தட்டைப் படத்தை மட்டும் நம்பவும் கூடாது, ரத்தக் குழியில் மிச்சமிருக்கும் கதிரியக்கமே தசையில் படிந்ததுபோல் ஏமாற்றும். பெட் பக்கம் ருபிடியம்-82, அம்மோனியா, 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூர்பிரிடாஸ் என ரத்த ஓட்ட ட்ரேசர்கள் இருக்கின்றன. உங்கள் துறையில் பெட்-சிடி இருப்பதால், இறந்த தசையையும் உறங்கும் தசையையும் பிரித்துக் காட்டும் எஃப்டிஜி (கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை) வயபிலிட்டி ஸ்கேனை முதலில் படிப்பது நடைமுறைக்கு உதவும்.

இணையத்தில் கிடைக்காதவையும் உண்டு. நெஞ்சின் மேல் கிடக்கும் தாலிச் செயினையும் டாலரையும் ஒதுக்கச் சொல்லும்போது ஒரு அம்மாவிடம் எப்படிப் பேசுவது என்று எந்த வழிகாட்டியிலும் இல்லை. உலோகம் கதிரைத் தடுக்கும் என்பதை நிதானமாகச் சொன்னால் பெரும்பாலோர் தாங்களே தோள் பக்கம் நகர்த்திவிடுவார்கள். சர்க்கரை நோயால் தோள் இறுகிப்போனவர் கையைத் தலைக்கு மேல் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும், எங்கே தலையணை கொடுத்தால் நடுங்காது என்பதெல்லாம் பக்கத்தில் நின்றுதான் வரும். கேனுலா போடும் கையும் அப்படியே. ஆகவே இதய ஸ்கேன் அதிகம் நடக்கும் ஒரு மருத்துவமனையில் சில நாட்கள் பார்வையாளராக நிற்க, உங்கள் துறைத் தலைவர் வழியாக அனுமதி கேளுங்கள். மேலே சொன்னதைப் படித்துவிட்டுப் போனால் அந்தச் சில நாட்களிலேயே நிறையப் பிடித்துக்கொள்வீர்கள். போகும்போது நோயாளிக்கான முன்தயாரிப்புக் குறிப்பை நீங்களே தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். எழுத உட்கார்ந்தால்தான் எங்கே நமக்கே தெளிவில்லை என்று தெரியும்.

சான்றிதழ் பற்றி நேராகவே சொல்கிறேன். இணையப் பாடம் முடித்ததற்கான தாள், பயிற்சியில் ஆர்வம் இருக்கிறது என்று காட்டும். அவ்வளவுதான் அதன் பலம். இந்தியாவில் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்டாக வேலை செய்ய, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் கல்வித் தகுதி வேண்டும். அது உங்கள் பட்டத்திலிருந்து வர வேண்டியது, எந்த இலவச வகுப்பும் அதற்கு மாற்றாகாது. அமெரிக்காவில் டெக்னாலஜிஸ்ட்டுகளுக்கென்றே நியூக்ளியர் கார்டியாலஜி சிறப்புத் தேர்வு ஒன்று இருக்கிறது. என்எம்டிசிபி என்ற வாரியம் நடத்துகிறது. அதை எழுத அவர்களுடைய தகுதி நிபந்தனைகள் உண்டு, ஆனால் தேர்வின் பாடப் பட்டியலைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. அதை அச்செடுத்து வைத்து, படித்ததையெல்லாம் டிக் செய்துகொண்டே வாருங்கள். தன்விவரக் குறிப்பில் "ஆன்லைன் கோர்ஸ் முடித்தேன்" என்ற ஒற்றை வரிக்குப் பதில், எந்த நெறிகளைப் படித்தீர்கள், எத்தனை இதய ஸ்கேன்களைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள், எந்தத் தரச் சோதனைகளைச் சொந்தக் கையால் செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஆள் எடுக்கிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.